முதலில் யார் வயல்?

லால்குடி
19 ஜனவரி 2026

கோதைக்கு,

'அன்புள்ள' என்று தொடங்க மனம் வரவில்லை. அதனால் வெறும் கோதைக்கு. உன் நம்பரை நான் தடுத்து வைத்திருக்கிறேன், என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். அதில் மாற்றம் எதுவும் இல்லை. போனில் பேசினால் ஒரு வாக்கியத்தை என்னை முடிக்க விடமாட்டாய் என்பதால் மெயில். இதையாவது கடைசி வரைக்கும் படி.

நீ எழுதிக் கொடுத்த புரோகிராம் மனிதர்களை விழுங்குகிறது.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பொங்கல் முடிந்ததும் அறுவடைப் பதிவை ஆரம்பித்தோம். இயந்திரக் கொட்டகையில் அந்தப் பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நானும் தம்பி செந்தமிழனும் ஒவ்வொருவராகப் போட்டோம். பெயர், வயல் இருக்கும் இடம், நடவு நாள். ஒவ்வொரு தடவையும் 'பதிவு ஆனது' என்று பச்சை எழுத்தில் வந்தது. எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். இன்று காலை முறைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் கீழத்தெருவில் மருதை பெயர் மட்டும் இருக்கிறது. மீதித் தெருவைக் காணோம். மேலத்தெருவிலும் இதே கதை, ஒரே ஒரு ஆள்.

கொட்டகை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "ஆதார் அட்டை வரைக்கும் காட்டிட்டுப் போனேனேம்மா, இப்போ எம்பேரு இல்லேங்கிற?" என்று ஒருத்தர். என் அத்தை பாப்பாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் செத்துட்டேன்னு எழுதி வெச்சுட்டாளா உன் சிநேகிதி?" என்று கேட்கிறாள். நான் யாருக்குப் பதில் சொல்ல?

கையால் ஒரு பட்டியல் எழுதிக்கொள்ள வேண்டியதுதானே என்பாய். உனக்குத் தெரியும், அது முடியாது. போன வருஷம் செந்தமிழன் வாய்வார்த்தையாக அறுவடை வண்டியை அனுப்பப் போய்த்தான் சட்டை கிழிகிற அளவுக்குச் சண்டை வந்தது. 'சொந்தக்காரன் வயலுக்கு முதலில் விட்டுட்டான்' என்றார்கள். இந்த வருஷம் கம்ப்யூட்டர் சொல்வதுதான் முறை என்று ஊர் கூடி ஒத்துக்கொண்டதால்தான் இந்தப் புரோகிராமே பிறந்தது. இப்போது அத்தை பெயரை நானாக மேலே எழுதினால் தீர்ந்தது, என்னையும் தம்பியையும் ஊர் உயிரோடு விடாது. ஆனால் அத்தை வயல் வாய்க்காலை ஒட்டிய பள்ளம். இந்த வாரக் கடைசியில் மழை என்கிறார்கள். தண்ணீர் நின்று கதிர் சாய்ந்தால் அவளுக்கு வேறு போக்கு கிடையாது. மாமா போனபின் அந்த ஒரு வயலை வைத்துத்தான் சாப்பிடுகிறாள்.

சரிசெய்து அனுப்பு. விழாவில் மைக்கைப் பிடித்து 'நான்தான்' என்று சொன்னவள் நீதானே. நீயே பார்த்துக்கொள்.

மகாலட்சுமி


ஸ்ரீரங்கம்
19 ஜனவரி 2026

மகாலட்சுமிக்கு,

கடைசி வரைக்கும் படித்தேன். திட்டு எங்கே முடிகிறது, விஷயம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க இரண்டாம் தடவையும் படிக்க வேண்டியிருந்தது.

புரோகிராம் யாரையும் விழுங்கவில்லை. சொன்னதைச் செய்திருக்கிறது. நாம் புரோகிராம் எழுதும் மொழியோடு வருகிற நூலகத்தில், இரண்டை ஒப்பிட்டுச் சொல்வதற்கென்றே சின்னச் சின்னப் பொருள்கள் ஆயத்தமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குப் பெயர் 'லெஸ்'. கல்லூரியில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதை நீயும்தான் படித்தாய். அப்புறம் வயல், வண்டி, டீசல் என்று போனதில் மறந்திருக்கும். அதற்கு ஒரே வேலை. இரண்டு பேரைக் காட்டி 'இவர் அவருக்கு முன்னாலா?' என்று கேட்டால் ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லும், வேறு வாய் கிடையாது. பெயர்களை வைத்திருக்கும் பெட்டி இதைக் கேட்டுக் கேட்டுத்தான் வரிசை போடுகிறது.

அந்தப் பெட்டிக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரே ஆள் இரண்டு தடவை உள்ளே வரக் கூடாது. ஒரே ஆள் என்று அது எப்படித் தெரிந்துகொள்ளும்? அதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்கும். இவர் முன்னாலா? இல்லை. அவர் முன்னாலா? இல்லை. இரண்டுக்கும் இல்லை என்றால் இருவரும் ஒருவரே என்று முடிவு செய்து, பின்னால் வந்தவரை வாசலோடு அனுப்பிவிடும். 'எது முறை?' என்று நான் கேட்டபோது நீ சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "நடவு நாள்தாண்டி முறை, அதுக்கு மேல என்ன?" அதுக்கு மேல எதுவும் இல்லை என்பதால் நடவு நாளை மட்டும் ஒப்பிடச் சொன்னேன். கீழத்தெரு மொத்தமும் ஒரே நாளிலா நட்டார்கள்? ஏன்?

நான் சோதித்தபோது கற்பனைப் பெயர்களுக்கு ஆளுக்கொரு தேதியாகப் போட்டேன். எல்லாம் அழகாக வரிசையில் நின்றது. ஒரு தெருவே ஒரே நாளில் நடும் என்று உத்தர வீதியில் பிறந்தவளுக்கு எந்தப் பெருமாள் வந்து சொல்வார்? சொல்ல வேண்டியவள் நீ. உள்ளே விடாதவருக்கும் பச்சை எழுத்தில் 'பதிவு ஆனது' என்று காட்டியது மட்டும் என் கவனக்குறைவு. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

திருத்தம் எழுதுகிறேன். அதுவரை தயவுசெய்து அதில் கை வைக்காதே. உன் கை எனக்குத் தெரியும்.

விழாவைப் பற்றி நான் பேசுவதாக இல்லை.

கோதை


லால்குடி
20 ஜனவரி 2026

கோதைக்கு,

கை வைத்துவிட்டேன்.

முதலில் உன்னுடைய அந்த 'ஏன்?'. அதைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் எப்போது வருகிறதோ அப்போதுதான் நடமுடியும். தண்ணீர் ஒரு தெருவுக்கு மொத்தமாக வரும். நடவுக்கு வரும் பெண்கள் ஒரே கூட்டம், அவர்கள் ஒரு தெருவை முடித்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போவார்கள். தெருவே ஒரு நாளில் நடாமல் ஆளுக்கொரு நாளா நடும்? இது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. சோறு வாயில் போட்டுக்கொள்வது என்று யாராவது சொல்லித் தருவார்களா?

நீ திருத்தம் எழுதுவதற்குள் மழையே வந்துவிடும். அதனால் நானே திறந்து பார்த்தேன். நீ சொன்ன 'லெஸ்' இருந்தது. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி 'லெஸ் ஈக்வல்' என்று ஒன்று அதே நூலகத்தில் இருப்பது வயல், வண்டி, டீசலுக்கு நடுவிலும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முன்னால், அல்லது சமம். சமமானவர்களைத்தானே உன் பெட்டி துரத்துகிறது? ஒரு வார்த்தையை மாற்றினேன். அவ்வளவுதான். எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள்!

மறுபடி எல்லாரையும் கூப்பிட்டுப் பதிந்தோம். அத்தைதான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள், "இந்தத் தடவை நான் பொழச்சிருக்கேனான்னு பார்த்துச் சொல்லு" என்று. மருதை, "எம்பேருதான் ஏற்கெனவே இருக்கே" என்று வீம்பு பண்ணிவிட்டுக் கடைசியாக வந்தார். பட்டியலில் தெரு முழுக்க நிற்கிறது. நாளைக் காலை வண்டி இறங்குகிறது. உன் திருத்தத்தை நீயே வைத்துக்கொள்.

விழாவைப் பற்றி நீ பேச வேண்டாம், நான் பேசுகிறேன். இந்த ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கி அவர்களைச் சம்மதிக்க வைத்தவள் நான். உழவர் சங்க விழாவில் அந்த மைக் பிடித்த பையன் "இதுக்குத் தலைமை யாருங்க?" என்று கேட்டதும் கண்ணைக்கூட இமைக்காமல் 'நான்தான்' என்றாய். நான் ஓரத்தில் மாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

மகாலட்சுமி


ஸ்ரீரங்கம்
20 ஜனவரி 2026

மகா,

உடனே பழையபடி மாற்று. இதைப் படித்து முடிக்கும் முன் மாற்று.

என் பெருமாளே. ஒரு வார்த்தைதான் மாற்றினாளாம்! அந்த இடத்தில் வைக்கவே கூடாத ஒரு பொருள் உண்டென்றால் அது 'லெஸ் ஈக்வல்'தான். அதற்கு வேறு இடங்களில் வேலை இருக்கிறது, வரிசை போடும் இடத்தில் இல்லை. இப்போது என்ன ஆகும் என்று கேள். அத்தையையும் மருதையையும் காட்டி, அத்தை முன்னாலா என்று பெட்டி கேட்கும். சமம்தானே, ஆமாம் என்னும். மருதை முன்னாலா? அதற்கும் ஆமாம். இரண்டு பேரும் ஒருவருக்கு முன்னால் ஒருவர் நிற்க முடியுமா? பெட்டிக்குப் பைத்தியம் பிடிக்கும். அநேகமாகக் கடைசியில் வந்தவரை முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். அறுத்து முடித்த வயலை எடுத்துவிடு என்றால், அப்படி ஓர் ஆளே கிடைக்கவில்லை என்று கையை விரிக்கும், ஏனென்றால் ஓர் ஆளும் அவரும் ஒன்று என்று கண்டுபிடிக்க அதற்கு இரண்டு 'இல்லை' வேண்டும். உன் பக்கத்து வீட்டுக்காரன் 'இல்லை' சொல்லமாட்டான். எதைக் கேட்டாலும் ஆமாம், ஆமாம்.

விழா விஷயத்துக்கு வருகிறேன். பேசமாட்டேன் என்றுதான் இருந்தேன். அந்தப் பையன் மேடைக்குப் போகும் முன் நடைக்கூடத்தில் யாரிடம் கேட்டான் தெரியுமா? உன்னிடம். நான் தூணுக்கு இந்தப் பக்கம் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "இதுக்குத் தலைமை யாருங்க?" "நான்தாங்க, எல்லாம் நான்தான் பாத்துக்கறேன்." என் காதால் கேட்டேன். ராவும் பகலும் கண் எரிய எழுதியவள் நான். அதன் பிறகு அவன் என்னிடம் வந்து அதே கேள்வியைக் கேட்டான். நான் வேறென்ன சொல்வேன்? அவன் கையில் ஒரே ஒரு பொன்னாடை. அதை யார் தோளில் போடுவது என்று தெரியாமல் விழித்து, கடைசியில் சங்கத் தலைவர் தோளிலேயே போட்டுவிட்டு இறங்கினான். ஞாபகம் இருக்கிறதா? நீ மாலைத் தட்டோடு நின்றாய் என்றால் நான் வெறும் தோளோடு நின்றேன்.

நானும் அழுதேன். அம்மா, "என்னடி, ஆத்துக்குள்ள நுழையறச்சயே மூஞ்சி இப்படி?" என்று கேட்டு, காப்பியை வைத்துவிட்டுப் போனாள்.

முதலில் பழையபடி மாற்று.

கோதை


லால்குடி
22 ஜனவரி 2026

கோதை,

உன் மெயிலை நான் பார்த்தது நேற்று மாலை. அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

கடைசியில் வந்த மருதை முதல் ஆளாக நின்றார். சரி, பட்டியல் அப்படிச் சொல்கிறது என்று வண்டி போய் அறுத்தது. முடிந்ததும் செந்தமிழன் 'முடிந்தது' பொத்தானை அமுக்கினான். பட்டியலில் மறுபடி முதல் ஆள் மருதை. அவருடைய சம்சாரம் வேறு ஒரு தடவை வந்து அவர் பெயரைப் பதிந்திருக்கிறாள், அதுவும் உள்ளே போயிருக்கிறது. ஓட்டுநர் வடக்கத்தி ஆள். அவருக்குத் தமிழும் தெரியாது, மருதையும் தெரியாது. பட்டியலைப் பார்த்துத் திரும்பவும் அதே வயலுக்குப் போய், அறுத்து முடித்த வெறும் அடித்தாளில் இறங்கி நிற்கிறார். மருதை வரப்பில் நின்று கத்துகிறார்: "யோவ், இன்னொரு தடவை அறுக்க இது என்ன என் தலைமுடியா? அதுக்குச் சமயபுரத்துக்குத்தான் போவணும்!" ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

முதல் ஆளாக வந்து உட்கார்ந்த அத்தை பெயர் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறாய்? கடைசியில். தெருவுக்கே கடைசி. அவளுக்குப் படிக்கத் தெரியாதா என்ன, விரலை வைத்து மேலிருந்து கீழே வரைக்கும் தேடினாள். கண்டுபிடித்தாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள், அறுவாளை எடுத்துக்கொண்டு. தனி ஆளாக அறுக்கப் போகிறாளாம். கூலிக்கு ஆள் கிடைக்காத ஊரில் தனி ஆளாக!

நாளை மறுநாள் மழை உறுதி என்கிறது டிவி. இப்போது பட்டியலை யாரும் நம்பவில்லை. செந்தமிழன் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டான். நிறுத்தாவிட்டால் அடிதடி.

விழா பற்றி நீ எழுதியதைப் படித்தேன். ஆமாம், நடைக்கூடத்தில் நானும் 'நான்தான்' என்றேன். அந்தப் பையன் அப்படிக் கேட்டால் என்ன சொல்வது? இரண்டு பேருமே ஆமாம் சொன்னோம், பொன்னாடை கிழவருக்குப் போயிற்று. இதை வைத்து நீ பாடம் நடத்தப் போகிறாய் என்று தெரியும். மழை போனபின் நடத்து.

என்ன செய்வது, சொல்.

மகா


ஸ்ரீரங்கம்
22 ஜனவரி 2026

மகா,

பாடம் இல்லை. என் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதியில் 'லெஸ்' பக்கமே திரும்பியாயிற்று, பெட்டியும் புத்தியோடு இருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்தினால் பழைய கதைதான், தெருவுக்கு ஒருவர் மிஞ்சுவார். நடவு நாள் சமம் என்றால் அடுத்து எதைக் கேட்பது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்கும் சமம் என்றால் யார் முதலில் பதிந்தார் என்று கேட்டுக்கொள்கிறேன், அதில் இருவர் சமமாக முடியாது. நடுவில் இருக்கும் அந்த இரண்டாம் கேள்விதான் வேண்டும்.

பெயரின் அகரவரிசையைப் போட்டுவிடுவேன், ஒரு நிமிஷ வேலை. ஆனால் ஊர் சிரிக்கும் என்று எனக்கே தெரிகிறது. போன தடவை உன்னிடம் ஒரு கேள்வி கேட்டு ஒரு பதில் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். ஒரே நாளில் நட்ட இரண்டு வயல், ஒரே வண்டி, மழை வருகிறது. எது முதலில்? உன் அத்தைக்காகச் சொல்லாதே. ஊர் ஒத்துக்கொள்கிற பதிலாகச் சொல்.

கோதை


லால்குடி
22 ஜனவரி 2026, மாலை

கோதை,

இதை நீ ஆவணி மாதமே கேட்டிருக்கலாம். நான் அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொட்டகை வாசலில் எல்லாரையும் உட்காரவைத்து உன் கேள்வியை அப்படியே கேட்டேன். நான் வாய் திறக்கும் முன் மருதைதான் சொன்னார்: "இதுல என்ன கேள்வி? பள்ளத்துல இருக்கிறவனுக்கு முதல்ல. மேட்டு வயல் ரெண்டு நாள் தாங்கும், பள்ளம் தாங்காது." ஒருத்தர்கூட மறுக்கவில்லை. நேற்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தவர்கள்! இது அவர்களுக்கு எப்போதும் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எந்த வயல் எவ்வளவு பள்ளம் என்று அவர்கள் வாயாலேயே வரிசையாகச் சொல்லச் சொல்ல நான் குறித்திருக்கிறேன். ஆனால் நீ திருத்தத்தை மெயிலில் அனுப்பி, நான் அதைப் போட, அந்தக் கம்ப்யூட்டர் முறைக்க, நான் எழுத, நீ திட்ட, அதற்குள் வானம் கொட்டித் தீர்த்துவிடும். கிளம்பி வா. கெஞ்சவில்லை. நம்பர் ஒன் டோல்கேட்டில் லால்குடி பஸ் ஏறு. நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு வராதே. நீ கேட்கமாட்டாய்.

மகா


ஸ்ரீரங்கம்
27 ஜனவரி 2026

அன்புள்ள மகா,

படுக்கையில் இருந்து எழுதுகிறேன். கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, கட்டுக்குள் இருக்கிறது. நல்ல செருப்பு வேண்டாம் என்று சொன்னாய், கேட்டிருக்கலாம்.

உன் ஊரில் இருந்த நேரம் முழுக்க நாம் புரோகிராம் தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை. கவனித்தாயா? "அந்த வரியை மாத்து", "மாத்தியாச்சு", "அத்தை பேரு வருதா?", "வருது". பட்டியல் திரையில் வந்தபோது கொட்டகையே அதன்மேல் குனிந்துகொண்டிருந்தது. பாப்பாயி அத்தை பெயர் மேலே நின்றது. செந்தமிழன் பொத்தானை அமுக்கிப் பார்த்தான், பெயர் நீங்கியது, திரும்பச் சேர்த்தான், சேர்ந்தது. மருதை கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்து, "இப்பத்தான்டா ஒனக்கு அறிவு வந்துச்சு" என்றார். அது எனக்குச் சொன்னதா கம்ப்யூட்டருக்குச் சொன்னதா என்று இன்னும் தெரியவில்லை.

பள்ளத்து ஈரத்தில் டயர் வண்டி இறங்காது என்று, புதையாமல் பட்டையில் உருளும் பெல்ட் வண்டியைப் பக்கத்து ஊரிலிருந்து திருப்பிவிட்டாய் அல்லவா, அந்த நேரத்தில் எனக்கு உன்மேல் வந்த மரியாதையை உனக்குச் சொல்லவில்லை. அறுத்து முடிக்க ஒரு மூலை பாக்கி இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்த மூலை போனது போனதுதான். நாம் சண்டை போடாமல் இருந்திருந்தால் அந்த மூலையும் கிடைத்திருக்கும் என்று எனக்குப் படுத்தபின்னும் உறுத்துகிறது. உனக்கும் உறுத்தும், தெரியும்.

அந்த மூலையைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம் என்று வரப்பில் ஓடித்தான் விழுந்தேன். போன் சேற்றுக்குள் போய்விட்டது. நீ முழங்கை வரை விட்டுத் துழாவினாய். கிடைக்கவில்லை.

அப்புறம் அந்தப் பறங்கிக்காய். அத்தை நனைந்த புடவையோடு பறங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதை யாருக்குக் குடுக்கறது? உங்க ரெண்டு பேர்ல யாருடி முதல்ல?" என்று கேட்டாள். நான், "நான் இல்லை மாமி, அவளுக்குக் குடுங்கோ" என்றேன். நீ அதே மூச்சில், "நான் இல்லே அத்தை, அவளுக்கே குடு" என்றாய். அத்தை நம் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் வேணாமா? சரி." காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். விழாவில் இரண்டு பேரும் ஆமாம் என்றோம், பொன்னாடை போயிற்று. அத்தை வீட்டு வாசலில் இரண்டு பேரும் இல்லை என்றோம், பறங்கிக்காய் போயிற்று.

படுத்துக்கொண்டு இதைத்தான் யோசிக்கிறேன். இரண்டு 'இல்லை' வந்தால் சமம். எனக்கு அதில் சந்தோஷம்தான், இத்தனை மாதத்தில் முதல் தடவையாகச் சந்தோஷம். ஆனால் சமம் என்பதோடு விட்டுவிட்டால் பெட்டி ஒருத்தியை வாசலோடு அனுப்பிவிடும். இப்போதும் நீ அங்கே, நான் இங்கே, யார் முதலில் எழுதுவது என்று நாலு நாளாக இருவரும் கம்மென்று இருந்தோம். நான்தான் தோற்றுப்போய் எழுதுகிறேன். நமக்கும் ஓர் இரண்டாம் கேள்வி வேண்டும், மகா. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உனக்குத் தோன்றினால் எழுது.

கோதை


லால்குடி
29 ஜனவரி 2026

அடியே கோதை,

இவ்வளவு படித்தவளுக்கு இது தோன்றவில்லையா? ஒரு தெருவையே உட்காரவைத்துக் கேட்டு, நீயே உன் கையால் கம்ப்யூட்டரில் எழுதிவிட்டுப் போனாயே. பள்ளத்தில் இருக்கிறவளுக்கு முதலில்.

இத்தனை நாளும் பள்ளத்தில் இருப்பவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வெறும் தோளோடு நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு இருந்த கோபத்தில் என்ன செய்திருப்பேனோ. இப்போது சந்தேகமே இல்லை. கழுத்து வரை சேறோடு நீ பள்ளத்தில் உட்கார்ந்து, 'என் போன், என் போன்' என்று அலறியதை ஊரே பார்த்தது. மருதை இன்னும் நடித்துக் காட்டுகிறார். முறை உன்னுடையது. யாரும் மறுக்கமாட்டார்கள்.

போன மூலையைப் பற்றி அத்தை பேசவில்லை. நான்தான் வாய் வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் மன்னிப்புக் கேட்டேன். "மூலை போச்சு, வயல் நிக்குது. அந்த ரங்கத்துப் பொண்ணு கால் எப்படி இருக்கு, அதைச் சொல்லு" என்றாள். பறங்கிக்காயை இன்னும் வெட்டவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் வேண்டாம் என்ற இரண்டு பேரின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். தைத்தேருக்கு உத்தர வீதியில் கூட்டம் நெரியும், ஆட்டோக்காரன் உள்ளே வரமாட்டான், பறங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் வரவேண்டும். யார் வாங்குவது என்று வாசலில் நின்று பேச்சுவார்த்தை நடத்தாதே. நீ காலை நீட்டிக்கொண்டு படுத்திரு. அம்மா வாங்கிக்கொள்வார்.

இன்னொன்று. தடுத்து வைத்திருந்த உன் நம்பரை நீ விழுந்த அன்றைக்கே எடுத்துவிட்டேன். தினமும் கூப்பிட்டுப் பார்க்கிறேன். உன் போன் எங்கள் அத்தை வயலுக்குள் கிடப்பதால் அது உனக்குத் தெரிய வழி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மகா